அப்பா வாசித்த பியானோ... ஃபிளாப்பியிலிருந்து கம்ப்யூட்டருக்கு!

"தானாக வாசிக்கும் பழைய பியானோ ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா வாசித்ததையெல்லாம் ஃபிளாப்பியில் பதிந்து வைத்திருக்கிறார். அவர் மறைந்த பிறகும், ஃபிளாப்பியைச் செருகினால் கட்டைகள் தானாக இறங்கி ஏறும். அவரே உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். போன வாரம் ஒரு ஃபிளாப்பி வேலை செய்யவில்லை. மீதியைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா?"

இந்த வாரம் வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது.

முடியும். ஆனால், தள்ளிப்போடாதீர்கள். ஃபிளாப்பிக்கு வயதாக ஆக, அதில் இருப்பது அழிந்துகொண்டே வரும்.

'போனில் ஆடியோவாகப் பதிந்தால் போதாதா?' என்று தோன்றலாம். அதையும் செய்யுங்கள். ஆனால், ஆடியோவால் கட்டைகளை அசைக்க முடியாது. யமஹாவின் டிஸ்க்லேவியர் போன்ற பியானோக்கள் ஃபிளாப்பியில் பதிவது ஒலியை அல்ல. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு பலமாக அழுத்தப்பட்டது என்ற விரல் கணக்கைத்தான். அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரோடு பேசும் மொழிக்குப் பெயர் 'மிடி'. 1983-ல் வந்த இந்த மொழி இன்றும் மாறாமல் புழக்கத்தில் இருப்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம்.

செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு ஃபிளாப்பியின் மூலையிலும் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். ஓட்டை திறந்து தெரியும்படி அதைத் தள்ளிவிடுங்கள். பிறகு, தவறியும் எதுவும் அழியாது.

2. முக்கியமில்லாத ஒரு ஃபிளாப்பியை முதலில் போட்டுப் பாருங்கள். பழுது பியானோவின் டிரைவில்கூட இருக்கலாம்.

3. 'யுஎஸ்பி மிடி' கேபிள் வாங்குங்கள். பியானோவின் கன்ட்ரோல் பெட்டியில் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான சாக்கெட்டுகள் இருக்கும். பியானோவின் 'அவுட்', கேபிளின் 'இன்' பக்கத்துக்குப் போக வேண்டும். வேலை செய்யவில்லையா? மாற்றிச் செருகுங்கள், ஒன்றும் ஆகாது.

4. விண்டோஸில் ஆன்வில் ஸ்டுடியோ போன்ற இலவச மென்பொருளில் 'ரெக்கார்டு' அழுத்திவிட்டு, பியானோவில் ஃபிளாப்பியை ஓடவிடுங்கள். சில மாடல்கள் கையால் வாசிப்பதை மட்டுமே வெளியே அனுப்பும். அப்படியானால், மெனுவில் 'மிடி அவுட்' அமைப்பை மாற்ற வேண்டும்.

5. முடிந்ததும் மிடி ஃபைலாகச் சேமியுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு போட்டோவின் இடம்கூடத் தேவைப்படாது.

இப்போது கேபிளின் 'அவுட்' பக்கத்தைப் பியானோவின் 'இன்'னில் செருகி, ஃபைலைத் திருப்பி அனுப்பிப் பாருங்கள். டிஸ்க்லேவியராக இருந்தால், அரை நொடி தாமதமாகத்தான் வாசிக்கத் தொடங்கும். பதறாதீர்கள், அது கோளாறு அல்ல. மெதுவாக இறங்கும் கட்டையின் சுத்தியல் கம்பியைத் தொடக் கூடுதல் நேரம் பிடிக்கும். மெல்லிய ஸ்வரமும் பலமான ஸ்வரமும் சரியான நேரத்தில் ஒலிக்க, பியானோ எடுத்துக்கொள்ளும் அவகாசம்தான் அந்த அரை நொடி. அந்த அமைப்பை அணைக்காதீர்கள். அணைத்தால் அப்பாவின் தாளம் கலைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஃபைலுக்கு 'சாங் 1' என்று பெயர் வைக்காதீர்கள். பாட்டின் பெயர், அப்பாவின் பெயர், தெரிந்தால் வருடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை உடன்பிறந்தவர் வீட்டில் வையுங்கள். பேரப் பிள்ளைகள் தேடும்போது கிடைக்க வேண்டும் அல்லவா?