‘நைஸ்’ என்னும் ஒரு சொல்

நம் இல்லங்களில் பாயசமும் நைஸ், பட்டுப்புடவையும் நைஸ், சங்க விழாவில் கேட்ட நாதசுரமும் நைஸ். இதனை ஆங்கிலம் பயின்ற நாகரிகமெனக் கொள்வாரை நாம் மறுக்கிறோம். ஆங்கிலேயரே நகைத்த சொல் அது!

‘அறியாத’ எனப் பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே அதன் மூலம். பிரெஞ்சின் வழியே ஆங்கிலம் புகுந்தபோது ‘மூடத்தனமான’ என்றே பொருள். பின்னர் ‘நுணுக்கமான’ என்றாகி, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ என்னும் பொருளில் பரவிற்று. பரவியதும் எதற்கும் பொருந்தித் தேய்ந்தது. 1817 இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஜேன் ஆஸ்டின் தம் பாத்திரத்தின் வாயால் அதனை எள்ளினார்.

தமிழகத்துச் சமையலறையோ அச்சொல்லைக் கூர்மையாக்கிற்று. ‘மாவை நைஸாக அரை’ என்றால் மென்மை. ‘நைஸாக நழுவிவிட்டான்’ என்றால் கள்ளத்தனம். இவ்வழக்கை நாம் பழிக்கவில்லை. (தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க!) வெளிமாநிலத்தில் வளரும் நம் மக்களுக்கு இனிமை, உறைப்பு, கமழ்ச்சி, உருக்கம் அனைத்தும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிட்டனவே, அதுதான் நம் வழக்கு. அவர்கள்மீது குற்றமில்லை. வேறு சொல்லை அவர்கள் நம் வாயில் கேட்டதில்லை.

ஊரிலிருந்து பாட்டி பருப்புப்பொடி அனுப்புகிறாள். எப்படியிருந்தது என்று தொலைபேசியில் ஆவலோடு கேட்கிறாள்.

“நைஸ், பாட்டி.”

“ஆமாம் கண்ணு, இரண்டு தடவை சலித்தேன்” என்கிறாள் அவள்.