ஒரகடத்திலிருந்து துருவ ஒளிக்கு

மார்கழி மாதத்தில் வாசலில் பால்காரர் குரல் கேட்டால்கூட, காதை மப்ளரால் நன்றாகச் சுற்றிக் கட்டிக்கொண்ட பிறகே கதவைத் திறக்கும் பேர்வழிகள் நாம். உஷ்ணமானி இருபது டிகிரிக்குக் கீழே ஒரு கோடு இறங்கிவிட்டால் போதும். "இந்த வருஷம் பனி ரொம்ப அதிகம்" என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்து போவோம். இப்படிப்பட்ட நம்மிடம் வந்து, "ஸார், பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரில் சைக்கிள் விடப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுமா, தோன்றாதா? நேயர்களே சொல்லட்டும்.

வந்தவர் நம் இளம் நண்பர், ஸ்ரீபெரும்புதூர்வாசி. அவருடைய தாயாரும் கூடவே வந்திருந்தார். மகன் யோசனை கேட்க வந்தார். தாயார் அந்த யோசனையைத் தடுக்க வந்தார்.

ராமானுஜர் அவதரித்த ஸ்தலம் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்த ஸ்ரீபெரும்புதூரை இன்று உலகம் வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹுண்டாய் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன. பக்கத்தில் ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் வந்து சேர்ந்தன. ஏரியும் வயலும் முட்புதரும் இருந்த பூமியில் இன்று சக்கரம் உள்ள வண்டிகளெல்லாம் பிறக்கின்றன. நம் நண்பரும் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறவர்தான்.

"இந்த விபரீத ஆசை எப்போது பிடித்தது?" என்று கேட்டோம்.

"2024-ம் வருஷம் மே மாதம், இரவு ஷிப்டில் டீ குடிக்கிற நேரத்தில் ஒரு படம் பார்த்தேன், ஸார். லடாக்கில் எடுத்தது. வானம் செக்கச் செவேல் என்று இருந்தது" என்றார்.

படம் வாஸ்தவமானதே. அவ்வருஷம் மே 10-ந் தேதி இரவு, இருபது ஆண்டுகளில் காணாத சூரியப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. அப்போது லடாக்கிலுள்ள ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் இந்திய வானாய்வு நிலையத்தின் காமிரா, அடிவானத்தில் படர்ந்த சிவந்த ஒளியைப் பதிவு செய்தது. நம் தேசத்தில் இது முதல் தடவையும் அல்ல. 1872-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி பம்பாயிலேயே துருவ ஒளி தெரிந்ததாகப் பதிவு உண்டு. அதற்கும் முன்னால், 1859 செப்டம்பரில் நேர்ந்த மகா புயலின்போது, பம்பாய்க் கொலாபா நிலையத்திலிருந்த காந்தமானி திடுக்கிட்டு இறங்கியதை இன்றும் உலக விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டிப் பேசுகிறார்கள்.

"அப்படியானால் லடாக்குக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே? அந்நிய தேசம் எதற்கு?" என்று தாயார் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் ஹான்லேயில் தெரிந்தது மகா புயலின் விளைவு. அது மீண்டும் எந்த இரவில் வரும் என்று முன்கூட்டி டிக்கெட் வாங்க இயலாது. தவிரவும், அன்று காமிரா நெடுநேரம் விழித்திருந்து கண்ட சிவப்பை மனிதக் கண் அவ்வளவு தெளிவாகக் காண்பது துர்லபம்.

துருவ ஒளி என்பதுதான் என்ன? சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஓயாமல் வெளிப்பட்டு, சாதாரணமாக வினாடிக்குச் சுமார் 400 கிலோ மீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியின் காந்தசக்தி அவற்றை நேரே இறங்கவிடாமல் திருப்பி, வட, தென் துருவங்களைச் சுற்றியுள்ள வளையம் போன்ற பகுதிகளில் மட்டும் இறங்கச் செய்கிறது. அங்கே அவை காற்றிலுள்ள பிராணவாயுவை மோதும்போது, நூறு கிலோ மீட்டருக்குச் சற்று மேலே பச்சை ஒளியும், இருநூறுக்கும் மேலே சிவப்பு ஒளியும் உண்டாகின்றன. ஊதா நிறம் நைட்ரஜனின் உபயம். பூமியின் காந்த மத்திய ரேகையோ நமது தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதை ஆராய்வதற்கென்றே திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. ஆகவே துருவ ஒளியைக் காண்பதற்கு உலகில் மிகவும் பொருத்தமற்ற இடம் எது என்று கேட்டால், தமிழ்நாடு என்று கூசாமல் பதில் சொல்லலாம்.

ஆனால் ஒன்று. ஒளி நமக்குத் தெரியாவிட்டாலும், அதை அனுப்புகிற சூரியனை நாம் கண்காணிக்கத் தவறவில்லை. 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வு நிலையம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறது. 2023 செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, பதினைந்து லட்சம் கிலோ மீட்டருக்கு அப்பால் நின்று சூரியனையே உற்று நோக்குகிறது. ஆகையால் நண்பருடைய ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பிரயாணத் திட்டம் போட உட்கார்ந்தோம்.

முதல் கேள்வி, எப்போது போவது? "டிசம்பரில்தான், அதுதானே குளிர்காலம்?" என்றார் நண்பர். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நார்வேயின் டிராம்ஸோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. ஒளி காண்பதற்கு இருட்டு நல்லதுதான். சைக்கிள் விடுவதற்கு நல்லதா? மார்ச் மாதமோ பகலும் இரவும் சமமாக வரும் காலம். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் பிரயாணம் செய்யலாம். இரவில் வானம் பார்க்கலாம். தரையில் உறைபனியும் கலையாமல் இருக்கும். சம இரவு நாட்களை ஒட்டிக் காந்தப் புயல்கள் சற்று அதிகமாக நேர்வதும் வழக்கம். சூரியனுடைய பதினோராண்டுச் சுழற்சி உச்சத்தை அடைந்துவிட்டதென்று 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். உச்சத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் வலுத்த புயல்கள் வருவதுண்டு.

இரண்டாவது கேள்வி, எங்கே போவது? பின்லாந்தின் ஓலூ நகரிலிருந்து வடக்கே ரோவனியெமி வரை செல்வதென்று தீர்மானித்தோம். இரண்டுக்கும் இடையே இருநூறு கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். ரோவனியெமி ஆர்க்டிக் வட்டத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ மீட்டர் சென்றால் ஒரு வாரப் பிரயாணம். உறைபனியில் அதற்கு மேல் ஆசைப்படுவது தகாது. மேகம் மூடிய இரவுகள் பல இருக்குமாகையால், போய்ச் சேர்ந்த பிறகு நாலைந்து இரவுகள் கையிருப்பில் வைத்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, சாமான்கள். புதையாத உறைபனிக்கு நாலங்குல அகல டயர், அதிலும் காற்றைக் குறைத்து. வழுக்கும் பனிக்கட்டிக்கு உலோக முளைகள் பதித்த டயர். இங்கிருந்து வண்டியைச் சுமந்து செல்வதைக் காட்டிலும் அங்கே வாடகைக்கு எடுப்பது சிலாக்கியம். குளிரில் சாதாரணக் கிரீஸ் மெழுகாக இறுகிவிடும். விளக்கின் பாட்டரி பாதி நேரத்திலேயே உயிரை விடும்; ஆகவே மாற்று பாட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டிக்கும் அதே இடந்தான்.

"ஸ்வெட்டர் எத்தனை போட்டுக்கொள்ள வேண்டும்?" என்று தாயார் கேட்டார். எத்தனை என்பதைவிட எது என்பதே முக்கியம். பருத்தித் துணி உதவாது. வியர்வையைக் குடித்து ஈரமாகி, நின்றவுடன் உடம்பை உறைய வைத்துவிடும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவே கனத்த கம்பளி, வெளியே காற்றுப் புகாத சட்டை. மேட்டில் ஏறும்போது ஒன்றைக் கழற்ற வேண்டும், நின்றவுடன் போட்டுக்கொள்ள வேண்டும். குளிர் தேசத்தில் வியர்க்காமல் சைக்கிள் விடுவதே வித்தை.

"எல்லாம் சரி, பழக்கம் வேண்டுமே? தினமும் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போய் வந்து பழகலாமே! பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர்தானே?" என்றோம் நாம்.

நண்பர் பதில் சொல்லவில்லை. தாயார்தான் மகனுடைய இடக் கையைப் பிடித்து, சட்டையை முழங்கை வரை சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே நீளமாக ஒரு தழும்பு.

விஷயம் இதுதான். நாம் சொல்வதற்கு முன்பே நண்பர் அந்த யோசனையைச் செய்து பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் விடியற்காலையில், சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி அவரை ஒட்டி உரசிச் சென்றிருக்கிறது. ஒதுங்க இடமில்லை, வண்டியோடு பள்ளத்தில் விழுந்தார். லாரி நிற்கவில்லை. அன்றோடு சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. நண்பர் பழையபடி கம்பெனி பஸ்ஸில் போகிறார்.

"பனியில் வழுக்கி விழுந்தால் எழுந்திருக்கலாம், ஸார். இந்தச் சாலையில் விழுந்தால் எழுந்திருப்பது நம் கையில் இல்லை" என்றார்.

நாம் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தைச் சிறிது நேரம் கீழே வைத்துவிட்டோம்.

திட்டத்தில் முதல் ஊராக எழுதியிருந்த ஓலூவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, வருஷத்தில் பல மாதங்கள் வெண்பனியால் மூடிக் கிடக்கும் நகரம் அது. அங்கே சைக்கிளுக்கென்றே 800 கிலோ மீட்டருக்கு மேல் பாதை போட்டிருக்கிறார்கள். இரவில் பனி பெய்தால், காலையில் ஜனங்கள் புறப்படுவதற்குள் முக்கியமான சைக்கிள் பாதைகளை இயந்திரம் வைத்துச் சீர்படுத்திவிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கம்பளித் தொப்பியும் கையுறையுமாக, பனியிலும் சைக்கிளிலேயே பள்ளிக்குப் போகிறார்கள். குளிர்காலத்தில் சைக்கிள் விடுவதைப் பற்றி ஆலோசிக்கும் சர்வதேச மகாநாடு 2013-ல் முதன் முதலாக அந்த நகரில்தான் கூடியது.

ஒரகடத்தில் பனி பெய்வதில்லை. மேடும் பள்ளமும் அதிகமில்லை. வருஷம் முழுவதும் சைக்கிள் விடலாம். நம் சர்க்காரும் 2001-ல் தொடங்கிய திட்டத்தின் பயனாக, இன்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுத்து வருகிறது. கொடுத்த சைக்கிளை அந்தப் பெண் குழந்தை எந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகும்? ஷிப்டு முடிந்து, வட நாட்டிலிருந்து பிழைக்க வந்த வாலிபர் பழைய சைக்கிளில் இருட்டில் அறைக்குத் திரும்புகிறாரே, அவர் எந்த ஓரத்தில் போவார்? ஆறு சக்கரத்துக்கும் பத்துச் சக்கரத்துக்கும் அகலமான சாலை போடத் தெரிந்த நமக்கு, இரண்டு சக்கரத்துக்கு ஆறடி ஒதுக்குவதும், அந்த ஆறடியை லாரிகள் நிறுத்துமிடமாக ஆகாமல் காப்பதும் முடியாத காரியங்களா? உலகத்துக்கே வண்டி செய்து அனுப்புகிற பூமியில், அந்த வண்டியைச் செய்கிறவன் சைக்கிளில் பத்திரமாக வீடு திரும்ப முடியவில்லை என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல.

தாயார் எழுந்திருக்கும்போது கடைசியாக ஒன்று கேட்டார்: "அந்த ஊரிலே லாரி உண்டா?"

"உண்டு, அம்மா. ஆனால் ஊருக்குள் சைக்கிளுக்குத் தனி வழி உண்டு. ஊருக்கு வெளியிலும் லாரி குறைந்த உள் வழியாகவே போகும்படி எழுதியிருக்கிறோம்."

அந்த அம்மாள் சிறிது யோசித்தார். "அப்படியானால் போய் வரட்டும். குளிருக்கு நான் கம்பளி பின்னிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்கு அஞ்சாத தாய், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலுள்ள பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டருக்கு அஞ்சுகிறார்! நண்பர் மார்ச் மாதத்தில் போய், மேகம் விலகி, பச்சை ஒளியைக் கண்ணாரக் கண்டு திரும்ப வேண்டுமென்று வாழ்த்துகிறோம். படம் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகாயத்தை எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கட்டும். ஓலூவின் சைக்கிள் பாதையையும் ஒரே ஒரு படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறோம். காட்ட வேண்டியவர்களுக்கு அதைக் காட்டும் பொறுப்பு நம்முடையது.