அமெரிக்காவிலிருந்து வந்த கம்ப்யூட்டர்

அமெரிக்காவில் பணிபுரியும் மகனோ மருமகனோ விடுமுறைக்கு வருகையில் கொண்டுவரும் கம்ப்யூட்டரை உடனே பிளக்கில் மாட்டிவிடாதீர்கள். அங்கே வீடுகளுக்கு வரும் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மும்பையானாலும் டெல்லியானாலும் நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

லேப்டாப் என்றால் பெரும்பாலும் பயமில்லை. அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்றிருக்கும் வரியை வாசியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை, 50 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை என்றிருந்தால் பிளக்கை மாத்திரம் மாற்றினால் போதும்.

மேஜைக் கம்ப்யூட்டரில்தான் மிகுந்த கவனம் தேவை. பழைய பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தில், மின்வயர் செருகும் இடத்தருகே, 115 என்றும் 230 என்றும் குறிக்கப்பட்ட சிறு சிவப்புச் சுவிட்ச் உண்டு. அது 115-இல் இருக்கையில் பவர் சப்ளை, வருகிற மின்னழுத்தத்தை உள்ளே இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்நிலையில் 230 வோல்ட் பாய்ந்தால் கெப்பாசிட்டர்கள் வெடித்துப் புகை கிளம்பும். ஆகவே வயரைச் செருகுமுன்னரே சுவிட்சை 230-க்குத் தள்ளிவிடுங்கள். சுவிட்ச் இல்லையேல் லேபிளைப் பாருங்கள். பிற்காலப் பெட்டிகள் பல தாமாகவே சரிசெய்துகொள்ளும்.

கடையில் கிடைக்கும் மாற்றுப் பிளக், முள்ளின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ட்டை மாற்றாது. எர்த் முள் இல்லாததை வாங்காதீர்கள். எர்த் இன்றி ஓடும் உலோகப் பெட்டியைத் தொடுகிற பிள்ளைக்கு ஷாக் அடிக்கக்கூடும்.

உடன் வந்த பிரிண்டரோ ஸ்பீக்கரோ 120 வோல்ட்டுக்கு மாத்திரம் உரியதாயின், அதன் வாட் அளவைவிடக் கூடுதல் திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஸ்பீக்கருக்காக அந்தப் பாரத்தை வாங்குவதிலும் இங்கேயே வேறொரு ஸ்பீக்கர் வாங்குவது நலம்.