வீரனைப் போற்றி ஆலையை மறத்தல்

போபால் புகையிரத நிலைய ஊழியரைப் பற்றிய ‘த ரெயில்வே மென்’ என்னும் தொடரை முன்வைத்து வெருகற் பிரதேச இளைஞரிடையே எழுந்துள்ள விவாதம், விவாதிக்கவேண்டிய பொருளை விடுத்து ஏனைய யாவற்றையும் விவாதித்து வருகின்றது. சிவ் ரவைலின் நெறியாள்கையில் உருவாகி, 2023 நவம்பரில் நெற்பிளிக்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்ட நான்கு பகுதித் தொடர் அது. கே கே மேனன், மாதவன், பாபில் கான் முதலியோர் நடித்தது. 1984 டிசெம்பர் 2ஆம் திகதி நள்ளிரவையொட்டி யூனியன் காபைட் கம்பனியின் பூச்சிகொல்லி ஆலையிலிருந்து வெளியேறிய நச்சுவாயு நகரைச் சூழ்ந்தபொழுது, நிலையத்திற் கடமையில் இருந்தோர் என்ன செய்தனர் என்பதே அதன் கதைப்பொருள். வட்டவனிலும் மாவடிச்சேனையிலும் பூநகரிலும் கைத்தொலைபேசியின் சிறு திரையில் அதைப் பார்த்து முடித்தோர் இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றனர்.

முதற் கட்சியினர் தம்மை மெய்ம்மையின் காவலராகக் கருதுவோர். அன்றிரவு உண்மையிற் கடமையிலிருந்த துணை நிலைய அத்தியட்சர் குலாம் தஸ்தகீர். நிலையத்தில் நின்ற புகையிரதத்தைக் குறித்த நேரத்துக்கு முன்பே புறப்படச் செய்து, அதிலிருந்தோரைக் காத்தவர். அவர் தொடரில் இப்திகார் சித்திக்கி என்னும் வேற்றுப் பெயரோடு வருகிறார். பொலிஸ் வேடத்தில் திரியும் கொள்ளைக்காரன் ஒருவன் கற்பனையாக நுழைக்கப்பட்டுள்ளான். சீக்கியப் பெண்ணொருத்தியையும் அவள் மகனையும் வெறிக்கும்பல் ஓடும் வண்டியிலே தேடியலைகின்றது. ஆனால் இந்திரா காந்தியின் கொலையைத் தொடர்ந்து நிகழ்ந்த சீக்கியர் படுகொலையோ அதற்கு ஒரு மாதம் முந்தியது. ‘வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்’ என்பது இக்கட்சியினரின் கூக்குரல். மறு கட்சியினர் கலைஞனின் சுதந்திரம் என்னும் பழைய கொடியைத் தூக்கிப் பிடிக்கின்றனர். நாடகம் நாடகமேயன்றிச் சாட்சியப் பத்திரமன்று என்பதும், கண்ணீர் வந்ததா இல்லையா என்பதே கேள்வி என்பதும் அவர்தம் வாதம்.

இவ்விரு கட்சியினருக்குமிடையே உள்ள பகை வெறும் வெளித்தோற்றமே. நிலைய அதிபரின் பெயர் சரியா பிழையா என்று வாதிடுவோரும், அவர் நடையழகிலும் மௌனத்திலும் உருகி நிற்போரும் ஒரே மனிதனையே நோக்கிக்கொண்டிருக்கின்றனர். இருவர் முதுகும் ஆலையின் பக்கம் திரும்பியிருக்கின்றது.

தொடரின் முதற் பகுதி இவ்வாறு முதுகு காட்டவில்லை என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும். அப்பகுதியில் கமெரா ஆலைக்குள் நுழைகின்றது. பாதுகாப்பு ஏற்பாடுகளின் சீர்கேட்டையும், செலவுக் குறைப்பின் கீழ் வேலை செய்வோரின் அச்சத்தையும், எச்சரித்த பத்திரிகையாளன் ஏளனத்துக்கு ஆளாவதையும் அது காட்டுகின்றது. நான்கு பகுதிகளுள்ளும் சிந்தனைக்கு அதிக வேலை தருவது அதுவே. ஆயினும் வெருகல் விவாதத்தில் அது வெறும் முன்னுரையாகவே தள்ளப்பட்டது. ‘கதை இரண்டாம் பகுதியிலிருந்துதான் சூடுபிடிக்கிறது’ என்றனர். நெல் ஆலையொன்றில் வேலை செய்யும் ஒருவர் மாத்திரம், பழுதாய்க் கிடந்தவற்றைத் திருத்தவேண்டாம் என்று எழுதிக் கையொப்பமிட்டவன் யார் எனக் கேட்டார். கேட்டவர் அதிகம் படித்தவரல்லர். பதிலும் எவரிடமிருந்தும் வரவில்லை. பேச்சு மறுபடியும் கே கே மேனனின் கண்களுக்கே திரும்பிற்று.

அவர் கேட்ட கேள்விக்கான விடை மறைபொருளன்று. பல ஆய்வுகளிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் அது கிடக்கின்றது. மீதைல் ஐசோசயனேற்று என்னும் கொடிய திரவம் குளிர்நிலையில் வைக்கப்பட வேண்டியது. அதனைக் குளிர்விக்கும் பொறி 1984ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்கவேண்டிய கோபுரம், அதற்குச் செல்லும் குழாய் கழற்றப்பட்டமையால் பயனற்று நின்றது. வாயுவைக் கழுவி நஞ்சகற்றும் சாதனம் அவ்வளவு பெரிய கசிவைத் தாங்கும் நிலையில் இருக்கவில்லை. அப்பிரிவில் ஒரு வேலைமுறைக்கென இருந்த தொழிலாளர் தொகை ஏறத்தாழப் பாதியாக்கப்பட்டிருந்தது. இராமுறைக்கான பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவி கசிவுக்குச் சில நாட்களின் முன்னரே நீக்கப்பட்டது. 1981 டிசெம்பரில் தொழிலாளி ஒருவர் பொஸ்ஜீன் வாயுவால் மாண்டார். 1982இல் அமெரிக்காவிலிருந்து வந்த கம்பனியின் சொந்த நிபுணர் குழுவே ஆலையின் குறைகளைப் பட்டியலிட்டது. அதே ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்னும் பத்திரிகையாளர், நகரம் எரிமலையின் வாயில் இருப்பதாகத் தம் சிறிய வார இதழில் திரும்பத் திரும்ப எழுதினார். இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே 610 என்னும் இலக்கமுடைய தாங்கியுள் நீர் புகுந்து, ஏறத்தாழ 40 தொன் நஞ்சு வான்வழி வெளியேறியது. உடனடியாக மாண்டோர் அரசாங்கக் கணக்கில் முதலில் 2,259, பின்னர் 3,787. உயிர்தப்பியோரின் அமைப்புக்கள் கூறும் தொகை இதனினும் பன்மடங்கு.

இந்நிலையில், துணிவுள்ள ஒரு மனிதன் ஒரு புகையிரதத்தைக் காத்தான் என்பது மெய், போற்றத்தக்கதுமாகும். தஸ்தகீர் அந்நஞ்சின் பாதிப்போடு வாழ்ந்து 2003இல் மறைந்தார். அவருடைய மாண்பைக் குறைத்துப் பேசுதல் கீழ்மை. ஆனால் அவர் வீரம் காட்ட நேர்ந்தது ஏன் என்று கேளாத போற்றுதல், அவரை அந்நிலைக்குத் தள்ளியோருக்குச் செய்யும் பணிவிடையாகும்.

இதை மிகையெனக் கருதுவோர், கம்பனி தன் தற்காப்பாக எதனைச் சொல்லிற்று என்பதை நினைந்து பார்த்தல் தகும். அதிருப்தி கொண்ட தொழிலாளி ஒருவனே வேண்டுமென்று தாங்கியுள் நீரைச் செலுத்தினான் என்பது யூனியன் காபைட்டின் வாதம். 1988இல் தான் அமர்த்திய ஆலோசனை நிறுவனத்தின் வாயிலாக உலகுக்கு அறிவித்த அதனை, அது பின்னரும் கைவிடவில்லை. அத்தொழிலாளியை அது எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தவில்லை. கவனிக்க வேண்டியது அக்கதையின் அமைப்பு. ஒரு தனிமனிதன், ஓர் இரவு, ஒரு செயல். குளிர்ப்பொறி இல்லை, ஆட்குறைப்பு இல்லை, 1982ஆம் ஆண்டின் அறிக்கை இல்லை. தனிமனித வீரனைக் கொண்டு நிகழ்வை விளக்கப் பழகிய மனம், தனிமனிதத் துரோகியைக் கொண்டு விளக்குவதையும் தடையின்றி ஏற்கும். ஒரே நாணயம், இரு புறங்கள். தொடரை ஆக்கியோருக்கு இந்நோக்கம் இருந்ததெனக் கூறுவது நியாயமாகாது. பார்த்தோர் அதைப் பார்த்த முறையே இங்குக் குற்றம் சாட்டப்படுகின்றது.

‘குழாயையும் கணக்கேட்டையும் வைத்து நாடகம் எழுத முடியுமா?’ என்னும் கேள்வி உடனே எழும்; எழுந்தும் உள்ளது. முடியும். 2019இல் வெளிவந்த ‘செர்னோபில்’ தொடரின் இறுதிப் பகுதி, ஓர் அணு உலை ஏன் வெடித்தது என்பதை நீதிமன்றத்தில் சிவப்பு, நீல அட்டைகளைக் கொண்டு விளக்குவதிலேயே பெரிதும் கழிகின்றது. மூச்சடக்கிப் பார்த்தனர் உலகத்தோர். அதிலும் கற்பனை உண்டு: விளக்கமளிக்கும் லெகாசொவ் உண்மையில் அவ்வழக்கிற் சாட்சியாகத் தோன்றவேயில்லை. ஆனால் அக்கற்பனை காரணத்தைக் காட்டுதற்கெனச் செய்யப்பட்டது. வெருகலின் மெய்ம்மைக் காவலர் தவறவிட்ட வேறுபாடு இதுவே. கற்பனை உண்டா இல்லையா என்பதைவிட, அது எதனை நோக்கி விளக்கைத் திருப்புகிறது என்பது முக்கியம். பெயர் மாற்றம் பெரிய குற்றமன்று. கொள்ளைக்காரனின் மனமாற்றத்துக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியதோ விலை அதிகமான தெரிவு. அந்த நேரம் ஆலைக்கு உரியது.

தமிழ் நாடகம் இதனை அறியாததுமன்று. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறி, மறு ஆண்டில் கே. பாலசந்தரால் திரைப்படமாக்கப்பட்டது. வண்டியிலே தண்ணீர் கொண்டுவந்து ஊரைக் காக்கும் ஒருவன் அதிலும் உண்டு. கதை அவ்வண்டியோடு நின்றுவிட்டிருந்தால் அஃதும் ஒரு கண்ணீர்க் காவியமாய் முடிந்திருக்கும். அவ்வாறன்றி, தண்ணீர் ஏன் வரவில்லை, வரவிடாது தடுப்பவர் எவர் என்பதை நோக்கி அது நகர்ந்தது. இன்றும் அதனைப் பார்ப்போர் வண்டிக்காரனை மாத்திரம் நினைவிற் கொண்டு எழுவதில்லை.

வெருகல் மக்கள் இவ்வினாவை அலட்சியம் செய்தலுக்கு ஏனையோரிலும் குறைந்த உரிமையுடையோர். அயலேயுள்ள மூதூரில், 2006 ஓகஸ்ற் 4ஆம் திகதி, ஏ.சி.எப். என்னும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர் 17 பேர் தம் காரியாலய வளவினுள்ளே சுட்டுக்கொல்லப்பட்டனர். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். அவர்களுள் நால்வர் பெண்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த மேற்சட்டையோடு அவர்தம் உடல்கள் கிடந்தன. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச படையினரைப் பொறுப்பாளிகளெனக் கூறிற்று. 2009இல் சனாதிபதி ஆணைக்குழு படையினரை அப்பொறுப்பினின்று விடுவித்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. போபாலில் நிகழ்ந்தது இலாபத்தின் அலட்சியம். மூதூரில் நிகழ்ந்தது கொலை. இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் தவறு. ஆயினும் இரண்டிலும் புகழுரை செய்யும் வேலை ஒன்றே. ஓகஸ்ற் 19ஆம் திகதி உலக மனிதநேய தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. தொண்டுப் பணியில் மாண்டோரை ‘கடமையில் உயிர் நீத்தோர்’ என்று வாழ்த்துதற்கு அன்றைய மேடைகள் கூசுவதில்லை. உயிரை அவர்கள் நீக்கவில்லை, பிறர் பறித்தனர். மோதல் மூண்ட நகரில் அவர்களை இருத்திவைத்த முடிவு எவருடையது, சுட்டவர் எவர், விசாரணை ஏன் முடங்கிற்று என்னும் மூன்று கேள்விகளும் ‘தியாகம்’ என்னும் ஒரு சொல்லின் கீழ்ப் புதைக்கப்படுகின்றன.

போபாலிலும் அவ்வாறே காலம் கடந்தது. 1989இல் 47 கோடி டொலரோடு கணக்கு முடிக்கப்பட்டது. 2010 யூன் மாதம் இந்திய அதிகாரிகள் எழுவருக்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டு, உடனே பிணையும் வழங்கப்பட்டது. கம்பனியின் தலைவர் வாறன் அன்டர்சன் வழக்கை எதிர்கொள்ளாமலே 2014இல் இறந்தார். ஆலை வளவிற் கிடந்த நச்சுக்கழிவில் ஒரு பகுதியை ஏற்றிச் செல்லும் பாரவண்டிகள் 2025 சனவரியிலேயே பீதம்பூரை நோக்கிப் புறப்பட்டன. நாற்பதாண்டுகள்! இவற்றையெல்லாம் கதையாக்கினால் பார்ப்பவர் யார் என்று கேட்போர், முதற் பகுதியை முன்னுரையெனத் தள்ளியோரே.

கொட்டியாரக் குடாவின் கரையில் வேறு வகையான கேள்வி கேட்கப்பட்டதுமுண்டு. யுத்தத்தால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் நிலத்தில், இந்தியக் கூட்டோடு நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்க 2013இல் உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. சாம்பல் எங்கே கொட்டப்படும், கடலிற் கலக்கும் சுடுநீரால் மீன்வளம் என்னாகும், தம் காணிகள் எப்பொழுது திரும்பும் என்று அவ்வூரவரும் சூழலியலாளரும் கேட்டுக்கொண்டேயிருந்தனர். விபத்து நிகழுமுன்னரே கேட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. 2016 செப்ரெம்பரில் அத்திட்டம் தொடரப்படாதென உயர் நீதிமன்றத்தில் அரசதரப்பு அறிவித்தது. அதற்கு வேறு அரசியற் காரணங்களும் இருந்தன. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. மனுக்களும் கூட்டங்களும் சலிப்பூட்டும் அறிக்கைகளும் நிறைந்த நிகழ்வு அது. இரவோடிரவாக எவரையும் காப்பாற்றிய நாயகன் அதில் இல்லை; ஆகவே தொடர் எடுப்போர் தேடிவரும் கதையுமன்று.