விரதமும் குடிநோயும்

போடிநாயக்கனூரிலும், முந்தலிலிருந்து போடிமெட்டு வரை ஏறும் ஏலமலைச் சரிவுகளிலும், ஐயப்பனுக்கு மாலையணிந்து ஒரு மண்டலம் மதுவைத் தொடாதிருந்தவர் மாலையைக் கழற்றியதும் மீண்டும் குடிப்பதைக் கண்டு, மனம் வைத்தால் குடியை விட்டுவிடலாம், விடாதவர் திமிர் பிடித்தவர் என்று தீர்ப்புரைக்கும் நம்பிக்கை ஊறிக்கிடக்கிறது. அந்நம்பிக்கை பிழையானது, அதனால் உயிர்களும் போகின்றன.

விரதகாலத்தில் அவரைத் தாங்குபவை குருசாமியின் கண்காணிப்பும், 'சாமி' என்றழைக்கும் ஊரின் மரியாதையும் ஆகும். அவை விலகியபின் எஞ்சுவது பல்லாண்டுக் குடியால் மாறிப்போன மூளையே. நாட்டத்தைத் தூண்டும் டோபமின் என்னும் வேதிப்பொருளை மது ஓயாமல் சுரக்கச் செய்வதால், கூலி கைக்கு வரும் வேளை, கடைத்தெரு, பழகிய கூட்டாளி ஆகிய ஒவ்வொன்றும் வேட்கையை எழுப்பும் குறிப்பாகப் பதிந்துவிடுகிறது. அப்பதிவு ஒரு மண்டலத்தில் அழிவதில்லை.

கடுமையான குடிநோயாளிக்கோ திடீரென நிறுத்துவதே ஆபத்து. நரம்புகளை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் பணியை மது மிகுவிப்பதால், அதற்கு ஈடாக, நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட்டின் செயலை மூளை கூட்டிக்கொள்கிறது; மது நின்றதும் அத்தூண்டல் அடங்காமல் கைநடுக்கமும் உறக்கமின்மையும் தோன்றி, சிலருக்கு வலிப்பும், இரண்டு மூன்று நாளில் உயிரைப் பறிக்கக்கூடிய பிதற்றல் நிலையும் வருகின்றன. விடியலில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பேறுமுன் நடுக்கம் தணியக் குடிப்பவரைத் திமிர் பிடித்தவர் என்பது கொடுமை.

இந்நோய்க்கு மருந்து உண்டு. நடுக்கமும் வலிப்பும் வராமல் காக்க, மருத்துவர் மேற்பார்வையில் டயசிபமும், மூளைப் பாதிப்பைத் தடுக்கத் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் தரப்படுகின்றன. பின்னர் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனையும், மறுபடி குடிக்காதிருக்க உதவும் அகாம்ப்ரோசேட்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. டைசல்ஃபிரம் வேறு வகை: அதை உட்கொண்டவர் குடித்தால் வாந்தியும் படபடப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் நேரும் என்பதால், குடிப்பவர் அறியாமல் அதைச் சோற்றில் கலப்பது உயிருக்கு உலை வைப்பதாகும்.

நோய் என்பதால் மனைவியை அடித்த குற்றம் நீங்கிவிடாது. ஆனால் வசையால் மூளை குணமாவதும் இல்லை. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார். 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்தும் மாநில அரசு, மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை இம்மருந்துகளைக் கொண்டுசேர்க்கக் கடமைப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் விளையும் மனநலக் கேட்டையும் மனநோய் என்றே வகைப்படுத்துவதால், அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது குடிநோயாளியின் சட்டவுரிமை. குடும்பத்தார் அதைக் கேட்டுப் பெறவேண்டும்.