ஓடாதா, ஓட விடமாட்டீர்களா?

"லினக்ஸா? அதுல கேம் ஓடாதே!"

பொட்டியில் உபுண்டு போட்ட எவரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் வசனம் இது. சொல்பவர் பெரும்பாலும் லினக்ஸைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார். அவருக்கு அவருடைய அண்ணன் சொல்லியிருப்பார். அண்ணனுக்கு 2005 வாக்கில் கம்ப்யூட்டர் சென்டர் மாஸ்டர் சொல்லியிருப்பார். மாஸ்டர் சொன்ன அன்றைக்கு அது ஏறக்குறைய உண்மை. இன்றைக்கு அது பொய். அதைவிட மோசம், நன்றாக ஓடக்கூடிய ஆட்டத்தை வேண்டுமென்றே நிறுத்திவைத்திருப்பவர்கள் ஒளிந்துகொள்ள இந்த வசனம் நல்ல போர்வையாகிவிட்டது.

ஒரு விண்டோஸ் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது? பலர் நினைப்பதுபோல் உள்ளே ஒரு குட்டி விண்டோஸ் உட்கார்ந்திருப்பதில்லை. கேமின் கட்டளைகளை இயக்குவது பிராசஸர். அந்த பிராசஸர் இரண்டு பக்கமும் ஒன்றுதான். "இந்தக் கோப்பைத் திற", "இந்த ஒலியை எழுப்பு", "இந்த முக்கோணத்தை வரை" என்று கேம் விண்டோஸிடம் கேட்கும் இடங்களில் மட்டும்தான் பதில் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள்தான் வைன். 1993-ல் தொடங்கிய திட்டம், 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2008 ஜூனில். 15 வருஷம்! மைக்ரோசாஃப்ட்டின் மூலநிரலை ஒரு வரிகூடப் பார்க்காமல், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் வைத்து எழுதினால் அவ்வளவு காலம் ஆகத்தான் செய்யும்.

நீண்ட நாள் முட்டுக்கட்டையாக இருந்தது கிராஃபிக்ஸ். அதை உடைத்தது டிஎக்ஸ்விகே. டைரக்ட்3டி கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர். இதை எழுதத் தொடங்கிய பிலிப் ரெபோலே என்ற புரோகிராமருக்கு இருந்த ஆசை, நியர்: ஆட்டோமாட்டா கேமை லினக்ஸில் விளையாட வேண்டும் என்பதுதான் (ஆசை இருந்தால் இப்படி இருக்க வேண்டும்). 2018-ல் வால்வ் அவரைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வைன், டிஎக்ஸ்விகே எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதே ஆண்டு ஆகஸ்டில் 'புரோட்டான்' என்று ஸ்டீமுக்குள் வைத்தது. முதல் நாள் பட்டியலில் 27 கேம்கள் இருந்தன. 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் கடைக்கு வந்தபோது எல்டன் ரிங்கும் வந்தது. விண்டோஸில் விளையாடியவர்கள் "திக்கித் திக்கி ஓடுகிறதே" என்று புலம்பிக்கொண்டிருக்க, வால்வ் ஆட்கள் தங்கள் பக்கத்து மென்பொருளில் கைவைத்து அந்தத் திக்கலைக் குறைத்துவிட்டார்கள். விண்டோஸுக்காக எழுதிய கேம், விண்டோஸைவிட லினக்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடியது!

இந்த இடத்தில் லினக்ஸ் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்கும் ஒரு வார்த்தை. "வைன், புரோட்டான் எல்லாம் ஒட்டுவேலை. லினக்ஸுக்கென்றே எழுதினால்தான் கேம்" என்று ஜல்லியடிக்கிறவர்கள் லோகி சாஃப்ட்வேரின் கதையைப் படிக்க வேண்டும். 1998-ல் தொடங்கி, க்வேக் 3, சிவிலைசேஷன்: கால் டு பவர் என்று நல்ல நல்ல கேம்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. 2001-ல் திவால் மனு கொடுத்தது, 2002 ஜனவரியில் கடையை மூடியது. கேம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே கேமைச் சில மாதங்களுக்கு முன்பே விண்டோஸில் வாங்கி முடித்துவிட்டவன், மறுபடி காசு கொடுத்து வாங்குவானா? தூய்மைவாதம் சோறு போடாது சாமி.

சரி, மேட்டருக்கு வருவோம். இன்று லினக்ஸில் ஓடாத பெரிய கேம்களை எடுத்து வைத்தால், அவற்றில் முக்கால்வாசியின் சிக்கல் கிராஃபிக்ஸில் இல்லை, ஆன்டி-சீட்டில் இருக்கிறது. அழுகுணி ஆட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்கும் காவல்காரன். இந்தக் காவல்காரர்களில் பிரபலமான இருவர் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ. இரண்டும் புரோட்டானில் வேலை செய்யும் என்று 2021 செப்டம்பரிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. கேமை எழுதியவர் சம்மதித்தால் போதும். எல்டன் ரிங் சம்மதித்தது. இதில் வேடிக்கை, மைக்ரோசாஃப்ட்டின் சொந்தச் சரக்கான ஹேலோ: மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷனும் சம்மதித்தது. விண்டோஸ் விற்கிறவனே கதவைத் திறந்துவிட்டான். விண்டோஸால் ஒரு பைசா லாபமில்லாதவர்கள் தாழ்ப்பாள் போடுகிறார்கள்.

ராக்ஸ்டாரைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனுக்கு பேட்டில்ஐ போட்டார்கள். உடனே லினக்ஸ்காரர்கள் வெளியே. அதற்குச் சொன்ன விளக்கம், ஸ்டீம் டெக் ஜிடிஏ ஆன்லைனுக்கான பேட்டில்ஐயை ஆதரிப்பதில்லை என்பது. பேட்டில்ஐயோ தன் பக்கம் தயார் என்று மூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நேராகத்தான் இருக்கிறது, ஆட மனசில்லை.

அடுத்தது அபெக்ஸ் லெஜண்ட்ஸ். இது இன்னும் கொடுமை. 2022-ல் லினக்ஸ்காரர்களை உள்ளே விட்டார்கள். அவர்களும் வந்தார்கள், உள்ளே உடை, ஆயுத அலங்காரம் என்று காசைச் செலவழித்தார்கள். 2024 அக்டோபர் 31 அன்று, லினக்ஸ் வழியாக ஏமாற்றுக்காரர்கள் வருகிறார்கள் என்று சொல்லி மொத்தமாகக் கதவடைத்தார்கள்.

இந்த வாதத்தில் உண்மை துளியும் இல்லை என்று சொல்ல முடியாது. விண்டோஸில் ஆன்டி-சீட் கெர்னல் வரை இறங்கி வேவு பார்க்கும். லினக்ஸில் சாதாரண புரோகிராமாகத்தான் ஓடும். எனவே காவல் கொஞ்சம் தளர்வுதான். ஆனால் லினக்ஸை விரட்டினால் அழுகுணிகள் ஒழிந்துவிடுவார்களா? 2025 ஆகஸ்டில் பேட்டில்ஃபீல்டு 6 திறந்த பீட்டா நடந்தது. கெர்னல் காவல் இருந்தது, செக்யூர் பூட் கட்டாயம், லினக்ஸுக்கு அனுமதியே இல்லை. முன்கூட்டிய அனுமதியின் முதல் நாளிலேயே "இவர் ஏமாற்றுகிறார்" என்று வந்த புகார்கள் 44,000. இது நிறுவனமே சொன்ன கணக்கு. தடுக்கப்பட்ட முயற்சிகள் தனியாக 3,30,000. இத்தனை பேரும் எந்த இயங்குதளத்திலிருந்து வந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டைச் செருகி, இன்னொரு கம்ப்யூட்டர் மூலம் நினைவகத்தைப் படிக்கிற அளவுக்கு அழுகுணிகள் முன்னேறிவிட்டார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியும், எலி பக்கத்து அறையில் சுகமாக இருக்கிறது.

அந்தக் கெர்னல் காவலும் இலவசமாக வருவதில்லை. கென்ஷின் இம்பாக்ட்டின் ஆன்டி-சீட் டிரைவரை எடுத்து, வைரஸ் தடுப்பையே அணைக்கும் ஆயுதமாகப் பணயக் கும்பல் ஒன்று பயன்படுத்தியது 2022-ல் அம்பலமானது. அந்தக் கேமை விளையாடாத பொட்டியிலும் வேலை செய்தது. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு தவறான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. அது கேம் இல்லைதான். ஆனால் கெர்னலில் உட்கார்ந்திருப்பவர் தும்மினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கடைசியாக வரும் சாக்கு, "லினக்ஸில் எத்தனை பேர்? ரெண்டு பர்சன்ட்டா, மூணு பர்சன்ட்டா?" வணிகவியல் படிக்கிறவன் சிரிக்க வேண்டிய இடம் இது. ஸ்டீமின் கணக்கெடுப்பில் 2025 அக்டோபரில் லினக்ஸ் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. மாதம் 13.2 கோடிப் பேர் ஸ்டீமுக்கு வருவதாக 2021-க்கான கணக்கில் வால்வ் சொன்னது. அந்த எண்ணை வைத்துப் பார்த்தாலே 3 சதவீதம் என்பது ஏறக்குறைய 40 லட்சம் பேர். லோகி காலத்தில் ஒரு கேமை லினக்ஸுக்கு மாற்றத் தனிக் குழு, தனிச் செலவு. இன்றோ அந்தச் செலவை வைன்காரர்களும் வால்வும் ஏற்கெனவே சுமந்துவிட்டார்கள். கேம் நிறுவனத்துக்கு மிஞ்சும் இறுதிநிலைச் செலவு, ஒரு கோப்பைச் சேர்ப்பதும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்பதும்தான். வாசலில் காசோடு நிற்கிறவனைத் துரத்திவிடுவதற்கு எந்த ஆசிரியர் மார்க் போடுவார்? பயம் அவ்வளவு இருந்தால் லினக்ஸ்காரர்களைத் தனி அறையில் ஆடவிடலாமே. அதைக்கூடச் செய்து பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில், வாங்கியவர் பொருளை யாருடைய இடையூறுமின்றி வைத்து அனுபவிக்கலாம் என்பது எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய உறுதி, பிரிவு 14. கேம் நிறுவனங்கள் இதற்குப் பிடிகொடுக்காமல், "நாங்கள் விற்கவே இல்லை, உரிமம்தான் கொடுத்தோம்" என்று நழுவுகின்றன. கலிபோர்னியா 2024-ல் ஒரு சட்டம் போட்டு, அந்த உண்மையை வாங்கும்போதே தெரியும்படி சொல்ல வைத்தது. பொத்தானில் இன்னமும் "வாங்கு" என்றுதான் இருக்கிறது, பக்கத்தில் பொடி எழுத்தில் உரிமம் என்று ஒரு வரி.

உரிமம்தான் என்றே வைத்துக்கொள்வோம். வாடகைக்கு இருப்பவனைக் காலி பண்ணச் சொன்னால்கூட அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பது ஊர் வழக்கம். முடியாத காரியமும் இல்லை. 2020-ல் ராக்கெட் லீக் கேமின் லினக்ஸ், மேக் பதிப்புகளைக் கைவிட்டபோது, எத்தனை மணி நேரம் விளையாடியிருந்தாலும் சரி, கேட்டவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. இத்தனைக்கும் அதன் விண்டோஸ் பதிப்பு அதற்குப் பிறகும் புரோட்டானில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அபெக்ஸ்காரர்களும் ராக்ஸ்டாரும் செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. கதவைத் திறங்கள், அல்லது கல்லாவைத் திறங்கள்.