செயலி நாளைச் சொல்லும். வீட்டுக்காரரிடம் யார் சொல்வது?

கிராமச் சுகாதாரச் செவிலியர் வேலையில் இருக்கிறேன். நாள் தள்ளிப்போய் வரும் இளம்பெண்களிடம் "என்ன தடுப்பு எடுத்தே?" என்று கேட்டால், சிலர் இப்போது போனை நீட்டுகிறார்கள். அதில் நிறம் பூசிய காலண்டர். "சேஃப் டேஸ் பாத்துதான் சிஸ்டர் இருந்தோம்" என்கிறார்கள்.

இலவசச் செயலிகளில் பல, போன மாதத் தேதிகளைக் கூட்டிக் கழித்து அடுத்த மாதத்தைச் சொல்பவை. கருமுட்டை அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு வெளிவருவதில்லை. காய்ச்சல், அலைச்சல், மனக்கவலை என எது வந்தாலும் அது தள்ளிப்போகலாம். விந்தணுவோ உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடிருக்கும்.

கருத்தடைக்கென்றே 2018இல் அமெரிக்க அரசு முதன்முதலாக அனுமதித்த செயலி, சுவீடனின் 'நேச்சுரல் சைக்கிள்ஸ்'. வெப்பமானியோடு பயன்படுத்தினால், காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல் உடல் வெப்பம் பார்த்து அதில் பதிய வேண்டும். இரவில் பிள்ளைக்குப் பால் கொடுக்க நான்கு முறை எழுபவளுக்கு இது எப்படிச் சரிவரும்? அன்றாடப் பயன்பாட்டில் ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 7 பேர் கருவுறுகிறார்கள். மாத்திரையை விட்டுவிட்டுப் போடுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஸ்டாக்ஹோம் மருத்துவமனை ஒன்றில் 2017இன் கடைசி மாதங்களில் கருக்கலைப்புக்கு வந்த 668 பேரில் 37 பேர் இந்தச் செயலியை நம்பியவர்கள். விசாரித்த சுவீடன் அரசு, நிறுவனம் முன்பே சொன்ன அளவில்தான் தோல்வி இருக்கிறது என்றது. செயலி பழுதாகவில்லை, அதன் பலமே அவ்வளவுதான்.

பெண்கள் போனை நம்புவதற்குக் காரணம் பயம். மாத்திரை போட்டால் உடம்பு போட்டுவிடும், காப்பர் டி மேலே ஏறிவிடும் என்று கேட்டே வளர்கிறார்கள். காப்பர் டி வைத்தால் சிலருக்கு உதிரப்போக்கு கூடும். அந்தரா கருத்தடை ஊசியால் மாதவிலக்கு முறைதவறலாம். இதை மறைக்காமல் சொல்லி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் இருக்கிறது என்று உட்கார வைத்துப் பேசினால் பாதிப் பயம் போய்விடும்.

என் பெரிய கவலை வேறு. 'இன்று ஆபத்தான நாள்' என்று செயலி சொன்னால், விலகியிருக்கவோ ஆணுறை போடவோ கணவர் சம்மதிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பெண் அறுவை சிகிச்சையை நம்பியிருப்போர் 37.9 சதவீதம், ஆண் அறுவை சிகிச்சையை நம்பியிருப்போர் 0.3 சதவீதம். பாரம் முழுவதையும் பெண் சுமக்கும் வீட்டில், 'வேண்டாம்' என்று அவள் சொல்லும் சொல்லுக்கு என்ன மதிப்பு? அந்தச் சொல் செல்லாத வீட்டில் எந்தச் செயலியும் கருத்தடை ஆகாது.

மாதவிலக்குத் தேதி குறிக்கச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவருமாக வாருங்கள். ஆணுறை, சாயா, அந்தரா, காப்பர் டி எல்லாம் அங்கே இலவசம்.